அலுமினியக் கூட்டாளி

ஓசியில் ஒரு கருவி வாங்க ஒரு நிறுவனம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை இடக்காரர் கண்ணாரப் பார்த்தார். விண்வெளி வானிலை நிறுவனத்தில் அவர் பொறியாளர். சூரியன் எப்போது சீறும், சீறினால் அதன் வீச்சு எப்போது பூமியைத் தொடும், கப்பல் ரேடியோவும் மின்கம்பியும் எப்போது மக்கர் பண்ணும் என்று முன்கூட்டியே சொல்வதற்காக அங்கே ஒரு செயற்கைக்கோள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மேல்தட்டில் ஒரு தலையணை அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தைக் கவனித்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். அதனால் வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் இடக்காரர்.

செயற்கைக்கோளில் மற்றதெல்லாம் இருந்தது. சூரியப் பலகை இருந்தது, மின்கலம் இருந்தது, ஆன்டெனா இருந்தது, நிறுவனத்தின் சின்னம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி இருந்தது. சூரியனைக் கவனிக்கும் கருவி மட்டும்தான் இல்லை. அது கூட்டாளி கொண்டுவர வேண்டியது.

"நாம இடம் தர்றோம், சவாரி தர்றோம். அவங்க கருவி தரட்டும்" என்று இயக்குநர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். "நடுவுல காசுங்கிற பேச்சே வரக் கூடாது. காசு வந்தா நட்பு போயிடும்." இந்த நட்பைத் தேடி அவர் தலைமையில் ஒரு குழு விமானத்தில் போகும், ஒவ்வொரு முறையும் புதுப் பையோடு திரும்பி வரும்.

அறிவிப்பில் முதலில் 'பங்காளிகள் தேவை' என்றுதான் எழுதியிருந்தார்கள். சொத்து வழக்கு ஞாபகம் வருகிறது என்று சட்டப்பிரிவு ஆட்சேபித்தது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அதைக் 'கூட்டாளிகள்' என்று மாற்றினார்கள். கூட்டாளி என்றால் திருட்டு வழக்கு ஞாபகம் வருகிறதே என்று இடக்காரருக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தோன்றுவதைச் சொல்லாமல் இருப்பதில் அவர் கைதேர்ந்தவர். அதனால்தான் அவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

கூட்டாளி மனப்பான்மை மெல்ல நிறுவனம் முழுவதும் பரவியது. டீ நிறுவனம் தரும், கோப்பை ஊழியர் தர வேண்டும் என்று ஆனது. பிறகு கூட்டங்களுக்கு நாற்காலியும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று ஆனது. லிஃப்ட் நின்றுபோனபோது, 'இதைச் சரிசெய்ய ஆர்வமுள்ள கூட்டாளிகளை அன்போடு வரவேற்கிறோம்' என்று லிஃப்ட் கதவிலேயே ஒட்டினார்கள். கூட்டாளி வரும்வரை இடக்காரர் நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

கடைசியில் ஒரு கூட்டாளி அகப்பட்டது. கடல் தாண்டி இருக்கும் பெரிய ஆய்வுக்கூடம். பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்கத் தோன்றும் இடம். சூரியப் புயலின் காந்தத் துள்ளலை அளக்கும் கருவி தருகிறோம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதை வரவேற்க அமைச்சர் ஒரு தேதி கொடுத்தார். அமைச்சர் தேதி கொடுப்பது சூரியன் சீறுவதைவிட அபூர்வம். அதை மாற்ற முடியாது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உண்மைக் கருவி தயாராவதற்குள், அதே எடையில், அதே அளவில், அதே திருகுத் துளைகளோடு ஓர் அலுமினியக் கட்டியை முதலில் அனுப்பிவிடுவார்கள். டம்மி என்று பெயர். அதைப் பொருத்திக் குலுக்கிப் பார்க்கலாம், சாய்த்துப் பார்க்கலாம். கருவி வந்ததும் கழற்றிவிடலாம். பெரிய ஆய்வுக்கூடமும் முறைப்படி டம்மியை அனுப்பியது. உள்ளே ஒன்றும் கிடையாது, முழுக்கட்டி. மேலே சிவப்பில் 'பறக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. விழாவுக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

மேடையில் அதற்குப் பட்டுத்துணி போர்த்தினார்கள். அமைச்சர் கத்தரிக்கோலோடு நின்றார். தொலைக்காட்சிக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட நாடகத்தில் கேட்பதைப் போல, "என்ன பொறியாளரே, நாம இத்தனை நாளா காத்திருந்த கருவி வந்துடுச்சா?" என்று கேட்டு அதை இடக்காரர் வாயருகே நீட்டினார்.

டம்மிதான் சார் வந்திருக்கு, கருவி பின்னாடி வருது. இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். இடக்காரர் வாயைத் திறந்தார். அமைச்சரின் கத்தரிக்கோல் திறந்தபடி காத்திருந்தது. இயக்குநரின் புருவம் மேலே போய் அங்கேயே நின்றது.

"வந்துடுச்சு சார்" என்றார் இடக்காரர்.

கைதட்டல் அரங்கைப் பிளந்தது. ஒரு நாள் சமாளிப்புதானே, கருவி வந்ததும் கமுக்கமாக மாற்றிவிடலாம் என்று அவர் தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டார். அவர் மனசு அதை நம்பியது போலக் காட்டிக்கொண்டது.

அந்த விழாவைக் கடலுக்கு அப்பால் இருந்தவர்களும் பார்த்தார்கள். அங்கேயும் ஓர் இயக்குநர் இருப்பார் அல்லவா? கருவி போய்ச் சேர்ந்து அமைச்சரே அதை வரவேற்றுவிட்ட பிறகு இன்னும் எதற்குக் கருவி செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அவர் தன் ஆட்களைக் கேட்டிருக்கிறார். அவர்களும் பட்டறையைப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 'எங்கள் கருவியை அன்போடு ஏற்றுக்கொண்டதற்கு நன்றி' என்று ஒரு பூங்கொத்து மட்டும் வந்தது. அதை இடக்காரர் தன் மேஜைக்கு அடியில் வைத்தார்.

பிறகு சோதனைகள் தொடங்கின. குலுக்கும் மேஜையில் வைத்துக் குலுக்கினார்கள். மின்கலப் பெட்டியில் ஒரு திருகு தளர்ந்தது, ஆன்டெனா லேசாக வளைந்தது, டம்மிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. சூட்டறையில் வைத்தார்கள், குளிரறையில் வைத்தார்கள். "கல்லு மாதிரி நிக்குது சார்!" என்று சோதனைப் பிரிவுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார்கள், சுத்தமாக இழுக்கவில்லை. மற்றப் பாகங்களுக்கு இடைஞ்சலாக இரைச்சல் ஏதாவது எழுப்புகிறதா என்று பார்த்தார்கள், மூச்சு விடவில்லை. இப்படி ஒரு கருவியைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று சோதனைப் பிரிவுத் தலைவர் எழுதிக் கொடுத்தார். அது உண்மைதான்.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு மட்டும் ஒரு குறை கண்டுபிடித்தது. 'பறக்கக் கூடாது' என்பது எதிர்மறையான வாசகமாக இருக்கிறதாம். அதன்மேல் வெள்ளை வண்ணம் அடித்து நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டினார்கள்.

ஆண்டு விழாவில் டம்மிக்குச் சிறந்த கருவிக்கான கேடயம் கிடைத்தது. இயக்குநர் உருக்கமாகப் பேசினார். "மத்த கருவியெல்லாம் மின்சாரம் கேக்குது, சூடாயிடுச்சுங்குது, தகவல் அனுப்பறேன்னு ஆன்டெனாவை அடைச்சுக்குது. இது இதுவரைக்கும் வாயைத் திறந்து எதையாவது கேட்டிருக்கா? ஒரு கூட்டாளி எப்படி இருக்கணும்னு இதைப் பார்த்துக் கத்துக்கணும். நம்ம ஊழியர்களும் கத்துக்கணும்." டம்மியின் சார்பில் கேடயத்தை வாங்கிக்கொண்டவர் இடக்காரர். புகைப்படத்தில் அவர் முகம் பல்வலிக்காரர் முகமாக விழுந்திருந்தது.

அந்தக் கேடயத்தை வீட்டில் பார்த்துப் பூரித்துப்போனவன் அவர் மைத்துனன். மனைவியின் தம்பி. சரக்குக் கப்பலில் ரேடியோ இயக்குபவன். கரைக்கு வரும்போதெல்லாம் அக்காள் வீட்டில்தான் தங்குவான்.

"அத்தான், உங்க சேட்டிலைட் மட்டும் மேல போயிடட்டும், எனக்குக் கவலையே விட்டுடும்" என்றான் சாப்பிட்டுக்கொண்டே. "நடுக்கடல்ல ரேடியோ திடீர்னு செத்துப்போறது எப்படி இருக்கும் தெரியுமா? காது அடைச்ச மாதிரி. முன்னாடியே தெரிஞ்சா கேப்டன் கரையை விட்டே கிளம்ப மாட்டார்."

"சும்மா பேசிட்டே இருக்காத, சாப்பிடு" என்றாள் மனைவி. பிறகு கணவன் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் கையைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"பசிக்கல" என்றார் இடக்காரர். பசித்தது. தட்டைத் தள்ளி வைத்தார்.

செயற்கைக்கோளின் மூடியைப் பூட்ட இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது, கூட்டாளிகள் தேவை என்ற பழைய அறிவிப்பை இணையதளத்தில் பார்த்துவிட்டு ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். அந்த அறிவிப்பை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எடுப்பதற்கும் கூட்டாளி வர வேண்டுமோ என்னவோ. எங்கேயோ ஒரு சின்னக் கல்லூரியில் விரிவுரையாளராம். பேருந்தில் வந்திருந்தார். மடியில் துணி சுற்றிய ஒரு பெட்டி இருந்தது. வழியெல்லாம் அதைக் கீழே வைக்கவில்லை என்பது சேலையில் விழுந்திருந்த மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"காந்தமானிங்க" என்று துணியைப் பிரித்தார். "கம்பிச்சுருள் எல்லாம் என் மாணவிங்க சுத்தினது. அளவு, எடை, திருகுத் துளை எல்லாம் நீங்க வெளியிட்ட வரைபடப்படிதான். ஒரு இழை பிசகாது. பொருத்திப் பாருங்களேன்."

இடக்காரர் பார்த்தார். அது அவரே உட்கார்ந்து வரைந்த வரைபடம். அதை இந்த உலகத்தில் ஒருவராவது படித்திருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. பெட்டியைத் தொட்டதும் அதோடு இணைத்திருந்த அளவுமானியின் முள் அவர் கைக்கடிகாரத்தை உணர்ந்து சட்டென்று துள்ளியது. இது உயிருள்ள கருவி.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு இயக்குநரின் அறைக்கு ஓடினார். இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த ஆய்வுக்கூடம்?"

"ஒரு கல்லூரி சார்."

"கொடி இருக்கா? ஒப்பந்தம் போட்டா பின்னாடி வைக்கிறதுக்கு?"

"இல்ல சார். கருவி இருக்கு."

"கருவி யார் வேணும்னாலும் வெச்சிருக்கலாம்யா" என்றார் இயக்குநர். "ஓசியில குடுக்கறதுக்கும் ஒரு தகுதி வேணும். பேருந்துல வர்றவங்ககிட்ட கை நீட்டினா நம்மளைப் பிச்சைக்காரன்னு நினைச்சுட மாட்டாங்களா? விமானத்துல வர்றவங்ககிட்ட வாங்கினா அது கூட்டுறவு. அதுவும் இல்லாம, நமக்குத்தான் கருவி வந்துடுச்சே. நீங்கதானே சொன்னீங்க?"

இடக்காரர் திரும்பி வந்தார். இடம் நிறைந்துவிட்டது என்றார். அந்த அம்மாள், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். இடக்காரர் அவரைக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டினார். டம்மி வெள்ளை வெளேரென்று சின்னத்தோடு உட்கார்ந்திருந்தது. அம்மாள் நெற்றியைக் கண்ணாடியில் பதித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒயர் எங்க இருந்து போகுதுங்க?"

"உள்பக்கமா போகுது."

"ஓ" என்றார் அம்மாள். "அழகா இருக்கு."

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார் இடக்காரர். டீ இருந்தது, விருந்தாளிக்குக் கோப்பை இல்லை. தன் கோப்பையைக் கழுவிக் கொடுத்தார். அம்மாள் குடித்துவிட்டு அதைத் தானே கழுவி வைத்தார். பெட்டியைப் பழையபடி துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் போன பிறகு இடக்காரருக்கு அந்தக் கோப்பையில் டீ குடிக்க மனசு வரவில்லை.

மூடியைப் பூட்டுவதற்கு முந்தின நாள் அவர் தாங்க மாட்டாமல் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அது கருவி இல்லை, டம்மி. கருவி வரவே இல்லை, இனி வரப்போவதும் இல்லை. கல்லூரிக்கு ஒரு போன் போட்டால் அந்த அம்மாள் அடுத்த பேருந்தில் வந்துவிடுவார். நாலு திருகைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழல. விழுந்திருந்தா நடவடிக்கை எடுக்கணும். எடுத்தா, உனக்கு ஏன்யா முன்னாடியே தெரியலனு கேப்பாங்க. தெரியலைன்னு சொன்னா நான் முட்டாள். தெரியும்னு சொன்னா நான் திருடன். நான் ரெண்டுல எதுவா இருக்கணும்னு ஆசைப்படறீங்க?"

இடக்காரருக்கு ஒரு பதில் தோன்றியது, சொல்லவில்லை.

"பெரிய ஆய்வுக்கூடம் மனசு புண்படாதா?" என்று இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க அனுப்பினதைக் கழட்டி வெச்சா நாளைக்கு யார் நமக்கு டம்மியாவது அனுப்புவாங்க? உங்க நல்லதுக்குச் சொல்றேன். சேட்டிலைட் மேல போனதும் அறிக்கைப் பிரிவு உங்க கையிலதான். தனி அறை. நாற்காலியும் நாங்களே தர்றோம்."

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள், அமைச்சரின் செயலாளர் இருந்தார், வாயுள்ளவர் யாரும் சொல்லியிருக்கலாம். இடக்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். மறுநாள் மூடியைப் பூட்டியபோது கடைசித் திருகை அவரையே முடுக்கச் சொன்னார்கள். முடுக்கினார்.

செயற்கைக்கோள் பிசகில்லாமல் மேலே போனது. டம்மிக்கென்று ஒதுக்கியிருந்த அலைவரிசையில் ஒரு நேர்கோடு வந்தது. அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்ய ஒரு குழு கூடியது. "பூஜ்யம்னா என்ன? ஒண்ணும் நடக்கலனு அர்த்தம். ஒண்ணும் நடக்கலைன்னா அமைதினு அர்த்தம்" என்று இயக்குநர் விளக்கினார். அன்று முதல் தினமும் காலையில் அறிக்கை வெளியானது: 'சூரியன் அமைதியாக உள்ளது.' கீழே அறிக்கைப் பிரிவின் அதிகாரி என்று இடக்காரரின் கையொப்பம். சூரியன் இவ்வளவு ஒழுக்கமாக இருந்ததே இல்லை என்று பாராட்டுகள் குவிந்தன. அந்தப் புது நாற்காலியில் அவரால் முதுகைச் சாய்த்து உட்கார முடியவில்லை.

சூரியன் பல நாள் உண்மையிலேயே அமைதியாக இருந்து தொலைத்தது. அதனால் பொய்யும் மெய்யும் கைகோத்து நடந்தன. பிறகு ஒரு நாள், அறிக்கையை வெளியிட்டுவிட்டு அவர் டீயை வாயருகே கொண்டுபோகும்போது போன் அடித்தது. விரிவுரையாளர் அம்மாள்.

"நம்ம கருவியைக் கல்லூரி மாடியில வெச்சிருக்கோம்ங்க. முள்ளு கண்ணாடியில மோதி மோதித் துள்ளுது. புயல் வந்துடுச்சுங்க."

வந்துடுச்சு. இடக்காரர் திரையைப் பார்த்தார். நேர்கோடு, நேர்கோடாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க கோடு அசையலையா?"

"இல்லங்க" என்றார்.

"அசையாதுங்க. அன்னைக்கே நான் ஒயரைத் தேடினேன்." என்றார் அந்த அம்மாள். "நீங்களே சொல்வீங்கனு விட்டுட்டேன். நான் சொன்னா இடம் கிடைக்காத வயித்தெரிச்சல்னு நினைப்பீங்களோனு வாயை மூடிக்கிட்டேன். எனக்கும் இதுல பங்கு இருக்கு. ஆனா கேட்டுக்கங்க, இது மாடியில இருந்தா வந்தப்புறம்தான் சொல்லும். மேல இருந்திருந்தா வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கும்."

இடக்காரர் துறைமுகத்துக்குப் போன் செய்தார். மைத்துனனின் கப்பல் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டது என்றார்கள். நேற்றைய அறிக்கையில் அமைதி என்று போட்டிருந்ததே, அதைப் பார்த்துத்தான் கேப்டன் நங்கூரத்தை எடுத்தாராம். இடக்காரர் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை என்றார்கள்.

புயல் ஓய்ந்த பிறகு நிறுவனத்தில் விசாரணை நடந்தது. குழு பல தடவை கூடியது, நாற்காலிகள் படியேறி இறங்கின. ஆன்டெனாவின் கோணத்தை விசாரித்தார்கள், தரைநிலையத்தை விசாரித்தார்கள், சூரியனின் முன்நடத்தையைக்கூட விசாரித்தார்கள். இத்தனை பெரிய புயலிலும் இம்மியும் அசையாமல் நின்றது டம்மி மட்டும்தான் என்று கண்டறிந்து, அடுத்த செயற்கைக்கோளில் அதைப்போலவே இரண்டு வைக்கப் பரிந்துரைத்தார்கள். இடக்காரரையும் கூப்பிட்டார்கள். அறிக்கை சரியான நேரத்துக்கு வெளியானதா என்று கேட்டார்கள். ஆனது என்றார். போகலாம் என்றார்கள்.

மைத்துனன் அக்காள் வீட்டுக்கு வந்தபோது வலது கை முழுக்கக் கட்டு. சரக்கு கட்டிய சங்கிலி நழுவிக் கையை நசுக்கிவிட்டது. கரையில் உள்ள மருத்துவரிடம் என்ன செய்வது என்று கேட்க, அவன் இடது கையால் பகல் முழுக்க ரேடியோவோடு மல்லுக்கட்டியிருக்கிறான். ஒரு குரலும் வரவில்லை. கரை சேர்ந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மனைவி சோற்றைப் பிசைந்து தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடையிடையே கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தானை ஏன்க்கா முறைக்கிற?" என்றான் மைத்துனன். "அவர் என்ன பண்ணுவார்? அவ்வளவு பெரிய கருவிக்கே தெரியலைன்னா மனுஷனுக்கு எப்படித் தெரியும்? விடுங்க அத்தான், மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த ஆறுதல்தான் இடக்காரரை அடித்துப்போட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அது கருவி இல்லப்பா" என்றார்.

"என்னது?"

"அலுமினியக் கட்டி. சும்மா எடைக்கு வெச்சது. உள்ள ஒண்ணும் கிடையாது."

மனைவியின் கை நடுவழியில் நின்றது. மைத்துனன் அவரையே பார்த்தான்.

"அப்ப கருவி?"

"வரவே இல்ல."

"வந்துடுச்சுனு டிவியில சொன்னாங்களே. நானே கப்பல்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேனே. யார் சொன்னது?"

இத்தனை குழுக்கள் கூடிக் கலைந்தும் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி இது.

"நான்தான்" என்றார் இடக்காரர்.

மைத்துனன் அக்காளின் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தான். கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உண்மையான கருவி எங்கேயாவது இருக்கா?"

"இருக்கு. ஒரு கல்லூரி மாடியில. ஒரு அம்மா வெச்சிருக்காங்க. கொஞ்சம் தாமதமாத்தான் சொல்லும், ஆனா சொல்லும்."

"அவங்க நம்பர் இருக்கா?"

இருந்தது. மைத்துனன் அக்காளிடம் ஒரு பேனா வாங்கினான். நானே எழுதித் தருகிறேன் என்று இடக்காரர் கை நீட்டினார், அவன் கொடுக்கவில்லை. காலண்டர் தாளை முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் எழுதத் தொடங்கினான். பழக்கமில்லாத கை, எண்கள் கோணிக் கோணிப் போயின. இரண்டு தடவை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினான்.

"சொல்லுங்க" என்றான். அத்தான் என்று சொல்லவில்லை.

இடக்காரர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார்.